நிரம்பிய குழாயில்தான் அலை ஓடும்

தரைக்கடியில் போகிற ஒரு குடிநீர் மெயின் (முக்கியக் குழாய்) உடையும்போது, உடைந்த இடத்தில் அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. அந்த இறக்கம் அங்கேயே நிற்பதில்லை. ஓர் அலையாகக் குழாயின் இரண்டு பக்கமும் ஓடுகிறது, இரும்புக் குழாய் என்றால் விநாடிக்குச் சுமார் ஒரு கிலோமீட்டர் வேகத்தில். பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பம்ப் ஹவுஸுக்குப் பத்து விநாடியில் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். அதைக் கேட்க அங்கே எதுவும் இல்லை என்பதுதான் பிரச்சினை. சில நாள் கழித்து யாராவது சாலையில் சேறு கண்டு போன் செய்த பிறகே நமக்குத் தெரியவருகிறது. தண்ணீர் மேலே வராமல் பக்கத்து வடிகாலுக்குள்ளோ மணலுக்குள்ளோ இறங்கிவிட்டால் தெரிவதே இல்லை.

குடிநீர்த் திட்டங்களில் ஹைட்ராலிக் டிசைன் பக்கம் வேலை பார்ப்பவன் என்ற முறையில் இதைப் பற்றி விரிவாக எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். "சென்சார் வைத்துக் கசிவைக் கண்டுபிடிக்கப் போகிறோம்" என்று செய்தி அடிக்கடி வருகிறது. ஆனால் அந்த சென்சார் எதைக் கேட்கிறது, எப்போது கேட்கும், எப்போது எத்தனை கோடி செலவழித்தாலும் கேட்காது என்று யாரும் சொல்வதில்லை.

முதலில் கசிவு என்றால் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுவிடலாம். 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு துளை, குழாய்க்குள் 30 மீட்டர் ஹெட், அதாவது 30 மீட்டர் உயர நீர்த்தண்டு கொடுக்கும் அழுத்தம். இதில் விநாடிக்குச் சுமார் 0.29 லிட்டர் வெளியேறும். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு நாளைக்கு அது 25,000 லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று மத்திய அரசின் குடிநீர்க் கையேடு சொல்கிற அளவை வைத்துப் பார்த்தால், 180 பேருக்கு மேல் போதுமான தண்ணீர். இதையே ஒரு வருடம் கண்டுபிடிக்காமல் விட்டால் 90 லட்சம் லிட்டரைத் தாண்டுகிறது. மாறாக, பெரிய மெயின் ஒன்று வெடித்து விநாடிக்கு 20 லிட்டர் வீதம் பன்னிரண்டு மணி நேரம் சாலையில் ஆறாக ஓடி, பத்திரிகையில் படம் வந்து, அதிகாரிகள் ஓடிவந்து அடைக்கிறார்களே, அந்த மொத்த இழப்பு 9 லட்சம் லிட்டர்கூட இல்லை. படம் வராத துளைதான் பத்து மடங்கு குடிக்கிறது. இது பெரும்பாலும் வீட்டு இணைப்பின் ஃபெருல் (மெயினிலிருந்து வீட்டுக் குழாயைப் பிரிக்கும் இணைப்பு) பொருத்திய இடத்திலும், ரப்பர் ரிங் நகர்ந்துபோன ஜாயின்டிலும், அரித்துப்போன பழைய சி.ஐ. (வார்ப்பிரும்பு) பைப்பிலும் உட்கார்ந்திருக்கும்.

சரி, இப்போது அலைக்கு வருவோம்.

ஓடிக்கொண்டிருக்கும் தண்ணீரைச் சட்டென்று நிறுத்தினால் அதன் வேகம் அழுத்தமாக மாறுகிறது. ஆனால் குழாய் முழுக்க ஒரே நேரத்தில் மாறுவதில்லை. நீண்ட ரயிலின் முதல் பெட்டி நின்றதும் அடுத்த பெட்டி அதில் இடித்து நின்று, அதற்கடுத்தது அதில் இடித்து நின்று, கடைசிப் பெட்டி நிற்க நேரமாகிறது பாருங்கள், அதேபோல வால்வுக்குப் பக்கத்துத் தண்ணீர் முதலில் நிற்கிறது, பிறகு அதற்குப் பின்னால் உள்ளது, அப்படியே நிற்றல் பின்னோக்கிப் போகிறது. அந்த எல்லைக்கோடு நகரும் வேகம்தான் அலையின் வேகம். விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடுகிற தண்ணீரை இரும்புக் குழாயில் ஒரேயடியாக நிறுத்தினால் ஏறுகிற அழுத்தம் ஏறக்குறைய 100 மீட்டர் ஹெட். பத்து வளிமண்டல அழுத்தம். வாட்டர் ஹேமர் என்று எல்லா இன்ஜினியரிங் மாணவர்களும் படித்திருப்பார்கள், பரீட்சைக்கு எழுதியிருப்பார்கள்.

இதைக் கையில் பிடித்து அளந்தவர் ரஷ்ய அறிஞர் நிகோலாய் ஜூகோவ்ஸ்கி. மாஸ்கோவில் பெரிய மெயின்கள் உடைந்துகொண்டே இருந்தன. குடிநீர் அமைப்பைக் கவனித்துவந்த பொறியாளர் நிகோலாய் ஸிமினோடு சேர்ந்து, 1897-98இல் அலெக்ஸேயெவ்ஸ்கயா நீரேற்று நிலையத்தில் 2, 4, 6 அங்குலக் குழாய்களைப் போட்டு, வால்வைப் படாரென்று மூடி, அழுத்தம் எப்படி ஏறி இறங்குகிறது என்று காகிதத்தில் வரைபடமாகப் பதிவு செய்தார்கள். குழாய் உடைவதற்கு வால்வை வேகமாக மூடுவதே காரணம், மெதுவாக மூடுங்கள் என்பது அந்த ஆய்வின் புகழ்பெற்ற முடிவு. பலரும் கவனிக்காமல் விட்ட இன்னொன்றும் அதில் இருக்கிறது. அந்த அழுத்த ஏற்ற இறக்கத்தின் வரைபடத்தைப் பார்த்தே, நிலையத்தை விட்டு வெளியே போகாமலே, குழாயில் சேதம் எங்கே என்று கண்டுபிடிக்கலாம் என்றார் ஜூகோவ்ஸ்கி. கம்ப்யூட்டர் இல்லாத காலம், மின்னணு சென்சார் இல்லாத காலம். இன்று ஸ்மார்ட் என்று பெயர் வைத்து விற்கப்படுவதன் அடிப்படை அப்போதே சொல்லப்பட்டுவிட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர் மேல் பெரிய மரியாதை வருகிறது.

அலையின் வேகத்தைக் கணக்கிடும் சூத்திரத்துக்கும் ஒரு நல்ல பூர்வீகம் உண்டு. 1878இல் நெதர்லாந்தைச் சேர்ந்த கோர்டெவெக், மூன்ஸ் என்ற இருவரும் மீள்தன்மை உள்ள குழாயில் அலை எவ்வளவு வேகமாகப் போகும் என்று ஆராய்ந்தார்கள். மூன்ஸ் ஆராய்ந்தது ரத்தக் குழாயில் நாடித்துடிப்பு எப்படிப் பயணிக்கிறது என்பதை. கழுத்துக்கும் தொடைக்கும் துடிப்பு வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து ரத்தக் குழாய் எவ்வளவு விறைத்திருக்கிறது என்று இன்றும் மருத்துவர்கள் அளக்கிறார்கள், அவர்கள் பயன்படுத்தும் சமன்பாடும் குடிநீர்க் குழாய்க்கு நாங்கள் பயன்படுத்துவதும் ஒரே குடும்பம். குழாயின் சுவர் எவ்வளவு விறைப்போ அவ்வளவு வேகம். திறந்த நீர்ப்பரப்பில் ஒலி விநாடிக்கு 1,480 மீட்டர் போகும். டி.ஐ. (டக்டைல் இரும்பு) பைப்பில் அது 1,000 முதல் 1,200 வரை. பி.வி.சி.யில் 400 வாக்கில். ஹெச்.டி.பி.இ. என்ற இன்னொரு பிளாஸ்டிக் குழாயில் இன்னும் குறைவு, 300 பக்கம். பிளாஸ்டிக் சுவர் அலைக்கு இடம் கொடுத்து விரிந்துகொள்வதால் வரும் வித்தியாசம் இது. அந்த விரிதலே அலையின் கூர்மையையும் தின்றுவிடுகிறது, அதனால் பிளாஸ்டிக் குழாயில் கசிவு தேடுவது எப்போதும் கடினமான வேலை.

உடைந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு எட்டாம் வகுப்புக் கணக்குதான். 2,000 மீட்டர் நீளக் குழாய், இரண்டு முனையிலும் ஒவ்வொரு சென்சார், அலையின் வேகம் விநாடிக்கு 1,000 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முதல் சென்சாருக்கு அழுத்த இறக்கம் வந்து 0.6 விநாடி கழித்து இரண்டாவதற்கு வருகிறது. அப்படியானால் அலை இரண்டாவது பக்கம் 600 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கிறது. 2,000இலிருந்து 600ஐக் கழித்துப் பாதியாக்கினால் 700. முதல் சென்சாரிலிருந்து 700ஆவது மீட்டரில் தோண்டு.

கணக்கு எளிது, அளப்பது எளிதல்ல. இரண்டு சென்சாரின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். நூறில் ஒரு விநாடி விலகினால் இடம் 5 மீட்டர் தள்ளிப்போகும், ஒரு விநாடி விலகினால் அரை கிலோமீட்டர். அதனால் ஜி.பி.எஸ். நேரத்தை வைத்து இரண்டையும் கட்டுகிறார்கள். அடுத்தது, எத்தனை முறை அளப்பது? நம் ஊர் ஸ்காடா (தூரத்திலிருந்து கம்ப்யூட்டரில் கண்காணிக்கும்) அமைப்புகளில் அழுத்தம் பல நேரம் நிமிடக் கணக்கு இடைவெளியில், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறைகூடப் பதிவாகிறது. அது தண்ணீர் வருகிறதா இல்லையா என்று பார்க்கப் போதும். விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் ஓடுகிற அலை, இரண்டு பதிவுகளுக்கு நடுவில் வந்து, முனையில் மோதித் திரும்பி, பலமுறை போய்வந்து, அடங்கியே விடும். பதிவேட்டில் அன்றைக்கு எதுவும் நடக்கவில்லை. அலையைப் பிடிக்க விநாடிக்கு நூறு முறையாவது அளக்க வேண்டும்.

இதுவரை சொன்னது குழாய் உடைகிற அந்த நொடியைப் பிடிப்பது. ஏற்கெனவே ஒழுகிக்கொண்டிருக்கும் பழைய கசிவு புதிதாக அலை எதையும் உண்டாக்காது. அதற்கு நாமே ஒரு அலையை அனுப்ப வேண்டும். பக்கவாட்டில் ஒரு சிறிய வால்வைத் திறந்து கொஞ்சம் தண்ணீரை ஓடவிட்டு அதைச் சட்டென்று மூடினால் ஒரு மெல்லிய அழுத்த அலை கிளம்பும். கசிவு இருக்கும் இடத்தைக் கடக்கும்போது அதில் ஒரு பங்கு திரும்பி வரும், வந்த நேரத்தை வைத்துத் தூரம். இத்தாலியின் பெரூஜா பல்கலைக்கழகத்தில் ப்ரூனோ ப்ரூனோனே இந்த வழியில் நிறைய வேலை செய்திருக்கிறார். 1994இல் லிகெட், சென் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வேறொரு வழி சொன்னார்கள்: அளந்த அலையையும் கம்ப்யூட்டர் மாதிரியில் வருகிற அலையையும் ஒப்பிட்டு, இரண்டும் பொருந்தும்வரை கசிவின் இடத்தையும் அளவையும் மாற்றிப் போட்டுப் பார்ப்பது. அதன்பிறகு ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதப்பட்டுவிட்டன. ஆனால் தெருவில் இறங்கிப் பார்த்தால் இந்த வழி இன்னும் பரவலாகவில்லை. ஏன் என்பதற்கு ஒரு கணக்கு போதும், இந்தப் பதிவில் ஒரே ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

600 மில்லிமீட்டர் மெயின், 40 மீட்டர் ஹெட், அலையின் வேகம் 1,000 மீட்டர். அதில் விநாடிக்கு 3 லிட்டர் போகிற ஒரு கசிவு. நாளைக்கு இரண்டரை லட்சம் லிட்டருக்கு மேல், ஏறக்குறைய 1,900 பேரின் தண்ணீர். இந்தக் குழாயின் நடுவில் விநாடிக்கு 6 லிட்டர் ஓடும் பக்க வால்வு ஒன்றைச் சட்டென்று மூடினால், இரண்டு பக்கமும் சுமார் ஒரு மீட்டர் உயர அலை கிளம்பும். அந்தக் கசிவிலிருந்து திரும்பி வருவது எவ்வளவு தெரியுமா? சுமார் 7 மில்லிமீட்டர். நூறில் ஒரு பங்குகூட இல்லை. பம்ப் ஓடும் அதிர்விலும் மேலே போகும் லாரியின் அதிர்விலும் அந்த 7 மில்லிமீட்டர் எங்கே தெரியப் போகிறது.

ஆனால் அதே 3 லிட்டர் கசிவு, திடீரென்று பிறக்கும் நொடியில் தானாக அனுப்புகிற அலை சுமார் 54 சென்டிமீட்டர். எழுபது மடங்கு பெரிது! பிறக்கும்போது கத்துகிறது, பிறகு முனகலோடு சரி. கசிவைத் தேடிப் போவதைவிட அது பிறக்கும் நேரத்தில் காது கொடுத்துக்கொண்டிருப்பது எத்தனையோ மடங்கு சுலபம் என்பது இதனால்தான். வருடத்துக்கு ஒருமுறை கம்பெனிக்காரர்களைக் கூட்டிவந்து ஒரு வாரம் ஆய்வு செய்யச் சொல்வதும், வருடம் முழுக்க சென்சாரை அதே இடத்தில் விட்டுவைப்பதும் ஒன்றல்ல. (விட்டம் குறைந்த குழாயில் நிலைமை வேறு. 150 மில்லிமீட்டர் குழாயில் அதே 3 லிட்டர் கசிவு, வருகிற அலையில் பத்தில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். அங்கே அலை அனுப்பித் தேடுவது நடக்கிற காரியம்.)

விட்டம் குறைந்த குழாயிலும் ஒரு சிக்கல் இருக்கிறது, கிளைகள். ஒரே அளவுள்ள மூன்று குழாய்கள் சேரும் டீ ஜங்ஷனில் அலையின் மூன்றில் இரண்டு பங்குதான் முன்னே போகிறது, மூன்றில் ஒரு பங்கு திரும்புகிறது. மூன்று டீ தாண்டினால் மிச்சம் 30 சதவீதம், ஐந்து தாண்டினால் 13. போதாததற்கு, ஒவ்வொரு டீயும், பாதி மூடிய ஸ்லூஸ் வால்வும் (குழாயைத் திறந்து மூடும் வால்வு), குழாயின் விட்டம் மாறுகிற இடமும், முட்டுச்சந்தில் முடிகிற குழாயும் கசிவைப் போலவே அலையைத் திருப்பி அனுப்புகின்றன. எது கசிவு, எது டீ என்று பிரிக்கக் குழாய் வரைபடம் சரியாக இருக்க வேண்டும். நம் ஊர்களில் பல இடங்களில் அந்த வரைபடம் ஓய்வுபெறப்போகும் ஒரு வாட்டர்மேன் மனதில்தான் இருக்கிறது. அவரை உட்காரவைத்து, மரியாதையோடு கேட்டு எழுதிக்கொள்வது எந்த சென்சாரை வாங்குவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை.

அந்த வாட்டர்மேன் இரும்புக் கம்பியின் ஒரு முனையை வால்வின் மேலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்பாரே, அதுவும் ஒலிதான் என்றாலும் வேறு வகை. அது துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும் இரைச்சல். தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும், பழைய கசிவிலும் வரும், அது பெரிய வசதி. ஆனால் சில நூறு மீட்டருக்குள் தேய்ந்துவிடும், பிளாஸ்டிக்கில் அதைவிடச் சீக்கிரம். அழுத்த அலை ஒரே ஒருமுறைதான் வரும், ஆனால் கிலோமீட்டர் கணக்கில் போகும். ஒன்று இருந்தால் இன்னொன்று வேண்டாம் என்பதில்லை. அலை எந்த நூறு மீட்டர் என்று சொல்லட்டும், கம்பி எந்த அடி என்று சொல்லட்டும்.

இதைத் தொடர்ந்து செய்து காட்டிய ஊர் சிங்கப்பூர். 2008இல் அங்குள்ள பொதுப் பயனீட்டுக் கழகமும், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும், அமெரிக்காவின் எம்.ஐ.டி. அங்கே நடத்தும் ஆய்வு மையமும் சேர்ந்து வாட்டர்வைஸ் என்ற திட்டத்தைத் தொடங்கின. மெயின்களில் சென்சார்களைப் பொருத்தி, விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அழுத்தத்தை அளந்து, ஜி.பி.எஸ். நேரத்தோடு கம்பியில்லா வழியில் அனுப்பி, உடைப்பைத் தானாகக் கண்டுபிடிக்க முயன்றார்கள். ஆய்வாகத் தொடங்கியது நகரம் முழுக்க வேலை செய்யும் அமைப்பாக வளர்ந்தது. மலேசியாவிலிருந்து 1962 ஒப்பந்தப்படி தண்ணீர் வாங்கிக்கொண்டிருக்கும் நாடு அது, ஒப்பந்தம் 2061இல் முடிகிறது. ஒவ்வொரு சொட்டும் அரசியல் என்பதால் அக்கறை வந்தது என்று சொல்லலாம், ஆனால் அந்த அக்கறையைத் தொடர்ந்து காப்பாற்றுகிறார்களே, அதைத்தான் நாம் கவனிக்க வேண்டும்.

ஹாங்காங்கிலும் அங்குள்ள அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கிதாவி தலைமையில் இதே அலைகளை வைத்துப் பெரிய ஆய்வு நடந்தது. அந்த ஊரைப் பற்றி எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. 2000 முதல் 2015 வரை சுமார் 3,000 கிலோமீட்டர் பழைய குழாயை அவர்கள் மாற்றினார்கள் அல்லது புதுப்பித்தார்கள். கசிவு 25 சதவீதத்துக்கு மேல் இருந்தது 15 சதவீதத்துக்கு இறங்கியது. பதினைந்து வருடம் தெருத் தெருவாகத் தோண்டிய பிறகு கிடைத்த பத்து சதவீதம். அலை இடத்தைத்தான் காட்டும், குழாயை மாற்றுவது மனிதர்கள்.

இப்போது நம் ஊர். இதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

மேலே சொன்ன எல்லாக் கணக்கிலும் நான் சொல்லாமலே எடுத்துக்கொண்ட ஒன்று இருக்கிறது: குழாய் முழுக்கத் தண்ணீர், எப்போதும் அழுத்தத்தோடு. நம் தெருக் குழாய்களில் இரண்டு நாளுக்கு ஒருமுறை, சில ஊர்களில் வாரத்துக்கு ஒருமுறை, ஒன்றிரண்டு மணி நேரம் தண்ணீர் விடுகிறார்கள். மற்ற நேரம் குழாயில் காற்று. தண்ணீர் விட்டதும் அந்தக் காற்று புஸ்ஸென்று குழாய் வழியாக வருவதை எல்லா வீட்டிலும் கேட்டிருப்பீர்கள், மீட்டர் இருந்தால் காற்றுக்கும் சுற்றும். எல்லாக் காற்றும் வெளியே போகாது. மேட்டில் தங்கும், குமிழியாகத் தண்ணீரில் கலந்திருக்கும். வளிமண்டல அழுத்தத்தில் இருக்கும் தண்ணீரில் ஆயிரத்தில் ஒரு பங்கு காற்றுக் குமிழி கலந்தால் அலையின் வேகம் 1,000, 1,200 என்பதெல்லாம் போய் 300 மீட்டருக்கு வந்துவிடும். அழுத்தம் கூடக்கூட அந்த வேகமும் மாறிக்கொண்டே இருக்கும். வேகம் தெரியாமல் நேரத்தை மட்டும் வைத்து எந்த இடத்தைச் சொல்வது? வேகம் 1,000 என்று நினைத்துக் கணக்குப் போட்டு, உண்மையில் அது 600ஆக இருந்தால், தோண்டுகிற ஆள் வேறு தெருவில் நிற்பார். இதோடு, தண்ணீர் விடும் ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான வீட்டு மோட்டார்கள் குழாயிலிருந்து நேரடியாக உறிஞ்சுகின்றன. ஒவ்வொன்றும் ஓர் அலை.

ஒரு நகராட்சியில் இப்படித்தான், முறை வைத்துத் தண்ணீர் விடும் தெருக் குழாய்களில் விலையுயர்ந்த சென்சார்களைப் பொருத்தியிருந்தார்கள். திரையில் கோடு தினமும் மேலே ஏறிக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் திறந்தது, மூடியது என்பதைத் தவிர அதில் படிக்க எதுவும் இல்லை. அந்தத் தகவல் வால்வு திறக்கும் ஊழியரின் நோட்டிலேயே இருந்தது. மக்கள் வரிப்பணம் இப்படிப் போவதைப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

காலிக் குழாயில் இதைவிட மோசமான ஒன்றும் நடக்கிறது. அழுத்தம் இருக்கும்போது தண்ணீர் வெளியே போகிற அதே துளை வழியாக, அழுத்தம் இல்லாதபோது பக்கத்துச் சாக்கடை உள்ளே வருகிறது. தண்ணீர் விட்டதும் முதல் சில குடம் கலங்கலாக வருவதற்கு அது ஒரு காரணம். கசிவைக் கண்டுபிடிப்பதைத் தண்ணீரை மிச்சப்படுத்தும் வேலையாக மட்டும் நான் பார்க்காததும் அதனால்தான். அது மஞ்சள் காமாலையையும் வயிற்றுப்போக்கையும் தடுக்கும் வேலை.

ஆகவே தெருக் குழாய்களில் முதலில் வேண்டியது நாள் முழுக்க அழுத்தம். அது முடியாது என்று சொல்பவர்களுக்கு, ஒடிசாவின் பூரி நகரம் 2021இல் எல்லாத் தெருவிலும் 24 மணி நேரமும் குழாயிலிருந்து நேராகக் குடிக்கும் தண்ணீர் என்ற நிலைக்கு வந்ததை நினைவூட்டுகிறேன். சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியின் நுழைவிலும் மீட்டர் வைத்து, கசிவை அடைத்துக்கொண்டே போனால் ஒரு பகுதியில் மிச்சமாகும் தண்ணீர் அடுத்த பகுதியை நிரப்பும். அதுவரை அலை சென்சார் அங்கே வேண்டாம்.

ஆனால் பம்ப் வைத்துத் தூரத்து ஊருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பெரிய குழாய்களின், பம்பிங் மெயின்களின், கதை வேறு. வீராணத்திலிருந்து சென்னைக்கு 200 கிலோமீட்டருக்கு மேல் தண்ணீர் குழாயில் வருகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், நிலத்தடி நீரில் ஃபுளோரைடு உள்ள தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரித் தண்ணீரைக் கொண்டுபோகிறது. அங்கே குழாய் உடைந்து சில நாள் நின்றால், மக்கள் திரும்பவும் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் போர்த் தண்ணீருக்குத்தான் போக வேண்டும். இந்தக் குழாய்கள் நிரம்பியிருக்கின்றன, கிளைகள் குறைவு, பெரும்பாலும் இரும்பு. அலை ஓடுவதற்கென்றே போட்டதுபோன்ற குழாய்கள். முதல் சென்சார் இங்கேதான் போக வேண்டும்.

இங்கே இன்னொரு வசதியும் இருக்கிறது, என் துறை நண்பர்களிடம் நான் விடாமல் சொல்லிக்கொண்டிருப்பது இது. கரண்ட் போனால் பம்ப் நிற்கிறது. பம்ப் நின்றால் மெயினில் ஒரு பெரிய அழுத்த இறக்க அலை கிளம்பி, 20 கிலோமீட்டர் குழாய் என்றால் போய்த் திரும்ப 40 விநாடி ஆகிறது. அந்த அலை குழாய் முழுக்கத் தொட்டுவிட்டு வருகிறது. அதாவது ஒவ்வொரு மின்தடையும் செலவில்லாத ஒரு சோதனை. பம்ப் ஹவுஸில் டெலிவரி பக்கம் வேகமாக அளக்கும் ஒரு பிரஷர் டிரான்ஸ்மிட்டரும் அதைச் சேமிக்கும் ஒரு பெட்டியும் மட்டும் போதும்.

இப்படிப் பதிவாகும் எந்த அழுத்த வரைபடத்தையும் தனியாகப் பார்த்துக் கசிவு என்று சொல்ல முடியாது. ஏர் வெசல், ஜீரோ வெலாசிட்டி வால்வு, ஏர் வால்வு என்று குழாயைக் காக்க வைத்திருக்கும் கருவிகள் எல்லாமே அலையை மழுங்கடிக்கும், திருப்பி அனுப்பும், சில இடங்களில் அழுத்தம் ரொம்ப இறங்கி நீர்த்தண்டே அறுந்து மறுபடி மோதும். பெரிய மெயினில் சின்னக் கசிவு அதில் தெரியாது என்பதையும் மேலே பார்த்தோம். ஆனால் அந்த வால்வுகள் எல்லாம் போன மாதமும் அங்கேதான் இருந்தன. போன மாத மின்தடையின் வரைபடத்தையும் இன்றைய மின்தடையின் வரைபடத்தையும், பம்ப் அதே அளவு ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் எடுத்ததாகப் பார்த்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், எது புதிதாக வந்தது என்று தெரியும். ஏர் வால்வு ஒன்று அடைத்துக்கொண்டதா, யாராவது ஒரு ஸ்லூஸ் வால்வைப் பாதி மூடி வைத்திருக்கிறாரா, மேட்டில் காற்று தேங்கியிருக்கிறதா என்பதெல்லாம் கசிவைவிடத் தெளிவாகவே தெரியும்.

இதற்கு முதல் வரைபடம் வேண்டும், குழாய் புதிதாக, கசிவில்லாமல் இருந்தபோது எடுத்தது. புதிய மெயின் போட்டு முடித்ததும் ஹைட்ராலிக் டெஸ்ட் (அழுத்தம் ஏற்றிக் கசிகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்யாமல் யாரும் பில் பாஸ் செய்வதில்லை. அந்த டெஸ்ட் முடிந்து, பம்ப் ஓட ஆரம்பித்து, குழாயில் காற்று எல்லாம் போன பிறகு, பம்பை ஒருமுறை நிறுத்தி அழுத்தத்தை விநாடிக்கு நூறு முறை வீதம் பத்து நிமிடம் பதிவு செய்து, அந்த ஃபைலைக் குழாயின் வரைபடத்தோடு சேர்த்து ஒப்படைக்க வேண்டும் என்று டெண்டரில் ஒரு வரி சேர்க்கலாம். அதிலேயே அந்தக் குழாயின் உண்மையான அலை வேகமும் கிடைத்துவிடும், புத்தகத்தில் பார்த்து 1,000 என்று ஊகிக்க வேண்டியதில்லை. பழைய மெயின் என்றால், தெரிந்த கசிவுகளை அடைத்த அடுத்த நாளே எடுத்துவைக்கலாம்.